அரஃபாத் பாதையும் ஹாஜியின் செருப்பும்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் சகோதரர்கள் இஹ்ராம் துணியைத் தடவித் தடவிப் பார்த்து வாங்குகின்றனர்; செருப்பையோ கடைசி நாளில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கின்றனர். மக்காவிலிருந்து அரஃபாத் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து முஸ்தலிஃபா வழியே மினாவுக்கு நடந்தே திரும்புவோர் இன்றும் பலர். அவர்களுக்குக் காலணியே வாகனம்.

இஹ்ராமில் தைத்த ஆடை கூடாது என்பதால், தையலுள்ள செருப்பும் ஆகாதென்று எண்ணி, மெல்லிய ரப்பர் செருப்போடு செல்வோர் உளர். நடுவழியில் வார் அறுந்தால் சுடும் சாலையில் வெறுங்காலே மிஞ்சும். ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது உடலின் அளவுக்கேற்பத் தைத்த ஆடையே, தையல் நூலன்று. செருப்புக் கிடைக்காதவர் தோலுறையைக் கணுக்கால்களுக்குக் கீழே வெட்டி அணியட்டும் என்னும் நபிமொழியை இப்னு உமர் (ரலி) அறிவிக்க, புகாரி பதிவு செய்துள்ளது. ஆகவே கணுக்கால், புறங்கால், விரல்கள், குதிகால் ஆகியவற்றை மூடாத, தடித்த அடியும் உறுதியான தையலும் கொண்ட வார்ச்செருப்பே ஆண்களுக்கு ஏற்றது. பெண்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. காலுறையும் மூடிய காலணியும் அணியலாம்.

புதுச்செருப்பைப் பயணத்தன்று அணியலாகாது. ஒரு மாதம் முன்பே அணிந்து, நாள்தோறும் நடந்து பழகுங்கள். கடிக்கும் இடம் ஊரிலேயே தெரிந்துவிடும். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகை செல்சியஸைக் கடந்தது. நீரிழிவுள்ளோருக்குப் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கலாம். கொப்புளம் எழுந்ததே தெரியாது. அவர்கள் இரவுதோறும் பாதத்தைப் பார்வையிடுதல் அவசியம்.

ஹரம் வாசலில் செருப்பை விட்டுச் செல்லாது, சிறு துணிப்பையிலிட்டு உடன் வைத்திருங்கள். பாதத்தைக் காப்பதும் வணக்கத்திற்கான ஆயத்தமே.