விதானத்தில் இரண்டு சூரியன்

திரியாவ்னா சதுக்கத்தின் நடுவில் நின்று கழுத்தைத் திருப்பினால் போதும், ஊரின் பாதி வரலாறு கண்ணில் பட்டுவிடும். 1814இல் எழுந்த மணிக்கூண்டு, 21 மீட்டர் உயரம். அருகிலேயே ஆற்றைத் தாண்டும் கூன்முதுகுக் கல்பாலம். கல் வேய்ந்த கூரையோடு தாழ்ந்து உட்கார்ந்திருக்கும் தேவாலயம். பழைய பள்ளிக்கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதுக்கம் ஒன்று சிதையாமல் முழுதாக நிற்பது பல்கேரியாவிலேயே இங்கு மட்டும்தான் என்கிறார்கள். 1856இல் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய கேப்டன் தாத்தா நிகோலாவின் பெயரைச் சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் பாலத்தின் மேல்தான் நிற்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பந்தயம்.

ஊர் இருப்பது பால்கன் மலைத்தொடரின் வடக்குச் சரிவில். கோர்னா ஒரியாஹோவிட்சா சந்திப்பில் மாறி ஏறினால், மலையைக் குறுக்கே கடந்து தெற்கே போகும் ரயில் வழியில் இங்கே இறக்கிவிடுகிறது. பெட்டிகள் குறைவு, அவசரம் அதைவிடக் குறைவு. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் கீழே. நிலையத்திலிருந்து நடந்தே ஊரைப் பார்த்து முடிக்கலாம்.

பாலத்தைத் தாண்டியதும் கல் பாவிய தெரு, கவிஞர் பெத்கோ ஸ்லாவெய்கோவின் பெயரில். இருபுறமும் பழைய வீடுகள். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சும், கீழ்த்தளத்தைவிடத் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூரையில் ஓடு கிடையாது. மலையிலிருந்து பெயர்த்த தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லின் கனமே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கூரைக்கு அதிகச் சரிவு இல்லை. அந்தக் கனத்தை இத்தனை காலம் தாங்கியிருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் மரவேலை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று தெருவிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்த மலையிடுக்கில் விளைச்சலை நம்பிப் பிழைக்க முடியாது. ஒட்டோமான் காலத்தில் மலைக் கணவாயைக் காக்கும் பொறுப்பு ஊருக்கு இருந்தது. பதிலுக்கு வரியில் சலுகை கிடைத்தது. மீதியைக் கை வேலை பார்த்துக்கொண்டது. கொத்தர், மரச் சிற்பி, ஐகான் ஓவியர் என்று சங்கம் கட்டி வாழ்ந்தார்கள். வசந்தத்தில் புனித ஜார்ஜ் திருநாளன்று கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால், இலையுதிர்காலத்தில் புனித திமித்ரி திருநாளுக்குத்தான் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். பால்கன் பகுதி முழுவதிலும் கூலி ஒப்பந்தங்களுக்கு இந்த இரண்டு நாட்கள்தான் எல்லைக்கல்.

பந்தயத்துக்கும் அதே கெடுதான்.

தஸ்கலோவ் வீடு 1804க்கும் 1808க்கும் இடையில் கட்டியது. பட்டும் ரோஜா எண்ணெயும் விற்றுப் பணம் சேர்த்த வணிகர் ஹிரிஸ்டோ தஸ்கலோவ். ரோஜா விளையும் கசான்லக் சமவெளி மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இப்போது வீடு மரச் சிற்ப அருங்காட்சியகம். முற்றத்தைக் கடந்து, காலடியில் முனகும் படிகளில் ஏறினால் மேல்தளத்தில் விருந்தினர் அறைகள். நாற்காலி, மேசை எதுவும் இல்லை. சுவரை ஒட்டித் தாழ்ந்த திண்டு, அதன்மேல் விரிப்பு. சுவரோடு சுவராகப் பதித்த அலமாரி. வந்தவர் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் பார்வை போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: தலைக்கு மேலே உள்ள விதானம். தன் செல்வத்தைக் காட்ட வணிகர் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கதை இதுதான். வீட்டைக் கட்டிய மேஸ்திரி திமிதர் ஒஷனேத்சா. அவரிடம் வேலை பார்த்த இளைஞன் இவான் பொச்சுகோவேத்சா. யார் கை உசத்தி என்று இருவருக்கும் வாய் வளர்ந்தது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு விதானம், நடுவில் ஒரு சூரியன். ஒருவர் அறைக்குள் மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. புனித ஜார்ஜ் நாளில் தொடங்கி திமித்ரி நாளில் முடிக்க வேண்டும். ஆறு மாதம்.

இரண்டும் வால்நட் மரம். முதல் அறையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்று தோன்றியது. கதிர்கள் நடுவிலிருந்து நாலாபக்கமும் விரிகின்றன. சுற்றிலும் பூவும் இலையும். அழகுதான். பிறகு இரண்டாவது அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முதல் அறைக்குத் திரும்பினேன். அப்போதுதான் முன்பு கண்ணில் படாதது பட ஆரம்பித்தது: உளி எங்கே ஆழமாக இறங்கியிருக்கிறது, எங்கே மேலோட்டமாகத் தொட்டுப் போயிருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது எந்த இதழ் நிழல் விழுத்துகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவை எதுவும் எனக்குத் தெரிந்திருக்காது. பக்கத்து அறையில் ஓர் எதிரி இருக்கிறான் என்பதே இங்கே பாதி வேலையைச் செய்திருக்கிறது.

விதான வேலையில் இன்னொரு சங்கடம் உண்டு. பட்டறைப் பலகையில் குனிந்து செதுக்குவதைப் பார்ப்பவர் அண்ணாந்து, தூரத்திலிருந்து, அரை வெளிச்சத்தில் பார்ப்பார். கைக்கு அருகில் நேர்த்தியாகத் தெரிகிற நுணுக்கம் மேலே ஏறியதும் மங்கிவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிவதுதான் மேஸ்திரித்தனம். ஒருவருக்கு அது அனுபவத்தில் தெரியும். மற்றவன் அதை அந்த ஆறு மாதத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

யார் வென்றார்? அருங்காட்சியகத்தில் இருந்த பெண்மணியைக் கேட்டேன். இரண்டுமே சிறந்தவை என்று தீர்ப்பாயிற்றாம், இவானும் அன்றிலிருந்து மேஸ்திரியாம். இந்தக் கேள்வியை அவர் நாள்தோறும் கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் கற்றுக்கொண்டவன் கற்றுக்கொடுத்தவரோடு சரிசமமாக மோதியதைக் குற்றமாக்காமல், அதையே கதையாக்கிப் போற்றுகிற ஊர் எனக்குப் பிடித்திருந்தது. பியாலாவில் யான்ட்ரா ஆற்றின் மேல் பாலம் கட்டிப் புகழ்பெற்ற கோலியோ ஃபிச்செத்தோ, பக்கத்து ஊரான டிரியானோவோவில் பிறந்து, பத்து வயதில் தொழில் பழக வந்து சேர்ந்தது இந்தத் திரியாவ்னா மேஸ்திரிகளிடம்தான்.

சதுக்கத்துக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். 1836இல் தொடங்கி 1839இல் கட்டி முடித்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத் தாழ்வாரம். பெத்கோ ஸ்லாவெய்கோவ் இங்கே ஆசிரியராக இருந்தார். பல்கேரியாவில் மதச் சார்பற்ற புதிய பள்ளிகள் முளைத்த காலம் அது. பக்கத்து நகரமான காப்ரோவோவில் 1835இல் நியோஃபித் ரில்ஸ்கி முதலாவதைத் தொடங்கினார். அந்தப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகள் மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதிப் பழகினார்கள். முன்னே படித்த மாணவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரே ஆசிரியர், நூறு பிள்ளைகள், செலவு சொற்பம்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. புதிதாக இருக்க வாய்ப்பும் இல்லை. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797இல் அதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது, ஜோசப் லங்காஸ்டரின் பெயரும் சேர்ந்துகொண்டது. பிறகு கிரேக்கத்தையும் ருமேனியாவையும் தொட்டுப் பால்கன் மலைக்கு ஏறியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை இத்தனை தூரம் நடந்திருக்கிறார்! அங்கிருந்த பள்ளிச் சுற்றுலாக் குழந்தைகளின் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். மரியாதைக்குத் தலையசைத்தார், பல்கேரியாவில் தலையசைப்புக்கு ஆமாம், இல்லை இரண்டும் இடம் மாறும் என்பதால், நம்பினாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பெத்கோவின் மகன் பென்ச்சோ ஸ்லாவெய்கோவ் 1866இல் இங்கே பிறந்தார். 1912இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, அதே ஆண்டு இறந்துபோனார். நாடு யூரோவுக்கு மாறும்வரை 50 லெவ் தாளில் அவர் முகம்தான் இருந்தது. சதுக்கத்தில் உள்ள ஆர்க்காஞ்சல் மிக்கேல் தேவாலயத்தை 1798இல் கொள்ளைக்கூட்டம் எரித்துவிட, 1819இல் மறுபடி எழுப்பினார்கள். உள்ளே பீடத்தை மறைத்து நிற்கும் ஐகான் சுவரைப் பார்ப்பதற்காகவாவது போக வேண்டும். வீட்டு விதானத்தில் பூப் போட்ட அதே ஊர்க் கை, இங்கே கொடியும் பறவையுமாக இன்னும் தாராளமாக ஓடுகிறது.

தெருக் கடைகளில் காந்தம் ஒட்டிய மரச் சூரியன்கள் தொங்குகின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கதிர், இயந்திரம் வெட்டியவை. 1878இல் ஒட்டோமான் ஆட்சி விலகிய பிறகு ஐரோப்பியத் தொழிற்சாலைச் சாமான் வந்து குவிந்தபோது கைவினைச் சங்கங்கள் நொடிந்தன. வணிகர் வீட்டு விதானத்துக்கு ஆள் தேடுபவர் இல்லாமல் போனார். ஆனாலும் தொழில் சாகவில்லை. ஊரில் பயன்பாட்டுக் கலைகளுக்கென்றே ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மரச் சிற்பம் அங்கே பாடம்.

அந்தப் பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தியை ஒரு பட்டறையில் பார்த்தேன். லிண்டன் பலகையில் ஓக் இலை ஒன்றை நகவுளியால் இறக்கிக்கொண்டிருந்தாள். லிண்டன் மென்மையான மரம், பழகுவதற்கு ஏற்றது. வால்நட் பிறகு வரும். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர், அவளுடைய ஆங்கிலத்தின் வழியாகவே என்னோடு பேசினார். உளி தீட்டக் கற்காதவனுக்குச் செதுக்கக் கற்றுத்தரக் கூடாது என்பது அவர் கட்சி. தீட்டி முடித்த உளியை மணிக்கட்டு மயிரில் வைத்துச் சோதித்துக் காட்டினார்.

தஸ்கலோவ் வீட்டுப் பந்தயத்தில் உண்மையில் யார் ஜெயித்தார்கள் என்று அவரிடமும் கேட்டேன். அவள் மொழிபெயர்க்காமலே பதில் சொன்னாள்: "இவான்."

அவர் என்னவென்று கேட்க, அவள் சொன்னாள். கிழவர் சிரித்தார்.

"அவள் இப்போது இரண்டாம் ஆண்டு. நாலாம் ஆண்டில் வந்து கேளுங்கள்."