கழுத்தளவுத் தண்ணி

எனக்கு நீச்சல் தெரியாது. ஐம்பத்தாறு வயசில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெரியாமப் போனதுக்கு நான் காரணமில்லை.

பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருசமா வேலை பார்க்கிறேன். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, துணி மாத்துவது, படுக்கை விரிப்பது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். கணக்குப் போட்டா ஒரு ஊரையே குளிப்பாட்டியிருப்பேன். முதுகு பிடிச்சுக்கிட்டுது. "ரெண்டு வாரம் எங்கயாவது போய் ஒண்ணும் செய்யாம இரு" என்றார் டாக்டர். என் மகள் அதையே பிடிச்சுக்கிட்டா. "அம்மா, ஊருக்குப் போனா கல்யாணம், காதுகுத்து, சாவு, கடன்னு ஒனக்கு வேலைதான். கடலோரமா எங்கயாவது போய் சும்மா கிட."

சும்மா கிட. எங்க வீட்டில் இதை நோயில் விழுந்தவங்களுக்குத்தான் சொல்லிக் கேட்டிருக்கேன். எங்க ஆயா நடவு வயல்லேர்ந்து வலியோட எழுந்து வந்து எங்கப்பாவைப் பெத்தவள். பச்சை உடம்பு ஆறுமுன்னே களையெடுக்கப் போனவள். சும்மா கிடப்பது எப்படின்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எங்க வார்டில் ரெண்டு பெண்கள். ஒருத்தி மர்த்தினிக் தீவுக்காரி, இன்னொருத்தி குவாதலூப். 1963 முதல் 1981 வரை பிரெஞ்சு அரசாங்கமே ஓர் அலுவலகம் வச்சு, அந்தத் தீவுகளிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி, தபால் என்று கீழ்மட்ட வேலைகளில் போட்டது. இவங்க ரெண்டு பேரும் அப்படி வந்தவங்களோட பிள்ளைகள். நான் கடலோரம் என்று வாயைத் திறந்ததும் சண்டை ஆரம்பிச்சுட்டுது.

"எங்க சேந்த்-ஆனுக்கு வா" என்றாள் மர்த்தினிக்காரி.

"எங்க சேந்த்-ஆனுக்கு வா" என்றாள் குவாதலூப்காரி.

ரெண்டு தீவிலும் தெற்கே கடலோரத்தில் அதே பேரில் ஒரு ஊர். ரெண்டும் பிரான்சின் மாவட்டம்தான். எனக்கு விசா வேண்டாம், பணம் மாத்த வேண்டாம். ஓர்லியில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து இறங்கலாம். பெரிய ஓட்டல் எனக்கு ஒத்துவராது. அடுப்பு வச்ச ஒரு சின்ன வீடு, நடந்து போற தூரத்தில் கடல், ராத்திரியில் சத்தமில்லாத தெரு. இவ்வளவுதான் நான் கேட்டது.

மர்த்தினிக்கின் சேந்த்-ஆன் பக்கத்தில் லெ சலீன் என்ற நீளமான கடற்கரை. வெள்ளை மணல், தென்னை. சில மரங்களில் சிவப்புப் பட்டை அடிச்சிருப்பாங்களாம். அதன் பாலும் பழமும் விஷம், மழையில் அடியில் நின்றால்கூட தோல் வெந்துபோகும். குவாதலூப்பின் சேந்த்-ஆனில் கடலுக்குள்ளே பவளப்பாறை ஒரு வரப்பு மாதிரி நின்று அலையைத் தடுக்குது. உள்ளே தண்ணி குளம் மாதிரி கிடக்கும். 2011லிருந்து ரெண்டு தீவுக்கும் பழுப்புக் கடல்பாசி மலை மலையா வந்து ஒதுங்கி அழுகி நாறுது. கிழக்குப் பார்த்த கரைகளுக்குத்தான் அந்தத் தொல்லை அதிகம். வாழைத் தோட்டத்துக்கு 1972 முதல் 1993 வரை அடிச்ச குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து ரெண்டு தீவின் மண்ணிலும் நிக்குது. பெரியவங்க பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்திலேயே இருக்குது. முதலாளி வாழை வித்தான், கூலிக்காரன் விஷத்தைச் சுமக்கிறான். இதைக் கேட்க நான் தீவுக்குப் போக வேண்டியதில்லை.

நீச்சல் விஷயத்துக்கு வர்றேன். காரைக்கால் பக்கம் எங்க ஊர். ஊர்த்தெருப் பிள்ளைங்க முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டுக் கிணத்தில் குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டாங்க. குளத்தில் அவங்களுக்கு ஒரு படித்துறை, மாட்டுக்கு ஒரு துறை. எங்களுக்கு எதுவுமில்லை. எனக்கு ஒன்பது வயசு. நடவு நேரம், நல்ல வெய்யில். ஆண்டை நிலத்து மோட்டார் கொட்டகையில் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணி கொட்டிக்கிட்டிருந்துச்சு. ஆளில்லை. முதலில் காலை வச்சேன். அப்புறம் உட்கார்ந்தேன். கழுத்தளவுத் தண்ணி. அந்தக் குளிர்ச்சி இன்னும் உடம்பில் இருக்குது.

ஆண்டை வந்தார். என்னை அடிக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டார். தொட்டித் தண்ணி முழுக்க இறைச்சு ஊத்தச் சொன்னார். வைக்கோலும் மணலும் போட்டுத் தேய்க்கச் சொன்னார். மூணு தரம் கழுவச் சொன்னார். அதுவரைக்கும் நான் வரப்பில் நின்னு பார்க்கணும். ஈரப் பாவாடை உடம்பிலேயே காய்ஞ்சுது. வீட்டுக்குப் போனா அடி விழும்னு நெனச்சேன். அப்பா அடிக்கல. கஞ்சியைக் குடிச்சு முடிச்சுட்டு, "தண்ணி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லல.

இதைப் பழைய கதை என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்றேன். மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணி அள்ளிக் குடிச்சது 1927 மார்ச் 20. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம சனங்களோட குடிதண்ணித் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். இடையில் எத்தனை வருசம் என்று நீங்களே கழிச்சுப் பாருங்க.

குவாதலூப்காரியின் குடும்பப் பேர் நம்ம பேர். பிரெஞ்சு எழுத்தில் நசுங்கிக் கிடக்குது, அவ்வளவுதான். முடி சுருள், நிறம் என் நிறம். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் மதராஸ் பக்கம்" என்பாள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா அவ வீட்டில் செய்ற கொலொம்போ என்கிற கறியில் கொத்தமல்லி, சீரகம், மஞ்சள் வாசனை.

1848ல் பிரான்சு தன் தீவுகளில் அடிமைத்தனத்தை ஒழிச்சது. விடுதலையான கறுப்பர்கள் பழைய ஆண்டையின் கரும்புத் தோட்டத்துக்கு அதே கூலிக்குத் திரும்ப மறுத்தார்கள். சரியான மறுப்பு. அந்த மறுப்பை உடைக்க, ஐந்து வருச ஒப்பந்தத்தில் நம்மை ஏத்தினார்கள். முதல் கப்பல் பேர் ஒரேலி. 1853 மே மாதம் மர்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் ஆளை இறக்கியது. 1880கள் முடியும்வரைக்கும் குவாதலூப்புக்கு 42,000 பேர் அளவிலும் மர்த்தினிக்குக்கு 25,000 பேர் அளவிலும் போனார்கள். பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் வழியா. அதில் சேரிச் சனம் ஏராளம். எங்க ஆயா திண்ணையில் உட்கார்ந்து, "தீவாந்திரம் போனவன் திரும்பலடி" என்பாள். யார் போனது, எந்தத் தீவு, அவளுக்கும் தெரியாது. எங்களுக்கு வம்சாவளி எழுதி வைக்க யார் இருந்தார்கள்?

என் வீட்டுக்காரர் கதை இதுக்கு நேர் எதிர். 1881ல் ஒரு சட்டம் வந்துச்சு. சாதி வழக்கத்தை விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழே வர்றேன் என்று கையெழுத்துப் போட்டு, புதுசா ஒரு குடும்பப் பேர் வச்சுக்கிட்டா, குடிமகன். புதுச்சேரியில் 'ரெனோன்சான்' என்பார்கள். சேரிக்காரர்களும் கிறிஸ்தவர்களும் அதில் நிறையச் சேர்ந்தார்கள். அவரோட பாட்டனார் அப்படித்தான் பேரை மாத்திக்கிட்டார், பிறகு பட்டாளத்துக்குப் போனார். நாங்க பேரை விட்டுட்டு உரிமை வாங்கினோம். கப்பல் ஏறினவங்க பேரை வச்சுக்கிட்டாங்க, உரிமை கிடைக்கல. குவாதலூப்பின் கபெஸ்த்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904லிருந்து 1923 வரைக்கும் போராடித்தான் அவங்க பிள்ளைகளுக்கு ஓட்டும் குடியுரிமையும் வந்துச்சு. பத்தொன்பது வருசம்.

வீட்டுக்காரர் சொன்னார்: "மர்த்தினிக் வேண்டாம். அங்க நம்மள 'கூலி'ன்னு சொல்வானாம்." உண்மைதான். ஒப்பந்தம் முடிஞ்சு, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தவங்களுக்கு ஃபோர்-த-பிரான்ஸ் நகரத்தில் கிடைச்சது தெருக்கூட்டும் வேலை. ஏழு கடல் தாண்டியும் விளக்குமாறு நம்ம கையைக் கண்டுபிடிச்சு வந்துட்டுது. 'நாய் தின்ற கூலி' என்று கிரெயோலில் ஒரு வசவு. இதைக் குவாதலூப்காரியிடம் கேட்டேன். சிரிச்சா. "எங்க தீவிலும் பள்ளிக்கூடத்தில் எனக்கு அதான் பேர்" என்றாள். மர்த்தினிக்காரி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "எங்க பாட்டி அப்படிச் சொல்வாங்க. எங்களை வெள்ளைக்காரன் சொன்னதை நாங்க உங்களுக்குச் சொன்னோம்" என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. என் ஊர்த்தெருவில் இப்படி ஒருத்தர் தலை குனிஞ்சு நான் பார்த்ததில்லை.

சரி, செத்தவங்க கதையை வச்சாவது முடிவு பண்ணலாம் என்று பார்த்தேன். மர்த்தினிக்கில் கஃபார் கடற்கரையில் கடலைப் பார்த்துக் குனிஞ்சு நிக்கிற பதினைந்து வெள்ளைச் சிலைகள். 1830ல் அடிமைக் கப்பல் மோதிச் செத்தவங்களுக்காக 1998ல் வச்சது. குவாதலூப்பில் சேன் பிரான்சுவா ஊரில் ரேசேன் கிளேர் என்று ஒரு கடற்கரை. சனங்க துண்டு விரிச்சுப் படுக்கிற மணலுக்குக் கீழே அடிமைகளோட சுடுகாடு. கடல் அரிக்க அரிக்க எலும்பு வெளியே வந்துச்சு. செத்தவங்க இல்லாத கடற்கரை ரெண்டிலும் இல்லை.

ஓய்வெடுக்கப் போற இடத்திலும் ரத்தக்கணக்கு பார்க்கணுமா என்று மகள் கேட்டாள். கேள்வி நியாயம். மத்தவங்க கடற்கரைக்குப் போகும்போது வெய்யிலையும் வாடகையையும் பார்க்கிறாங்க. நான் மட்டும் ஏன் பாட்டனோட எலும்பைத் தேடணும்?

கடைசியில் தண்ணியை வச்சே முடிவு பண்ணினேன். எது ஆழமில்லாதது, எதில் அலை இல்லை, நீச்சல் தெரியாத ஒருத்தி எதில் பயமில்லாம உட்காரலாம். குவாதலூப்பின் சேந்த்-ஆன். எங்க சனங்க அங்க இருக்காங்க என்பதுக்காக இல்லை. தண்ணிக்காக. என் சுகத்துக்காக மட்டும் நான் எடுத்த முதல் முடிவு அதுவாத்தான் இருக்கும்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தீவுகளில் கரையிலிருந்து 'ஐம்பது காலடி' நிலம், அதாவது 81 மீட்டர் சொச்சம், பழைய காலத்திலிருந்தே அரசுக்குச் சொந்தம். ராசா கோட்டை கட்ட வச்சுக்கிட்டது. விடுதலையான பிறகு நிலமில்லாத ஏழைங்க அதில்தான் குடிசை போட்டாங்க. கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை என்று இன்னிக்கும் சொல்றாங்க. ஓட்டல்காரன் நாற்காலி போடலாம், மணலில் நடக்கிறவளைத் தடுக்க முடியாது. எங்க ஊர்க் குளத்துக்கு எந்த ராசாவும் இப்படி ஐம்பது காலடி ஒதுக்கலையே.

பிப்ரவரியில் போனோம். மழையில்லாத காலம். முதல் நாள் காலையில் முழங்கால் வரைக்கும் இறங்கினேன். என்னை அறியாம திரும்பிப் பார்த்தேன், யாராவது சத்தம் போடுறாங்களா என்று. நாற்பத்தேழு வருசம் ஆகியும் கழுத்து தானாத் திரும்புது. வாத்தியார் ஒருத்தர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அங்கேயே நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தார். தொப்பி போட்ட கிழவிகள் நாலு பேர் கழுத்தளவுத் தண்ணியில் நின்னு, திண்ணைப் பேச்சு மாதிரி பேசிக்கிட்டிருந்தாங்க. அதில் ஒருத்தி நம்ம சாயல். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்தியாவா? எந்தப் பக்கம்?"

சொன்னேன். உடம்பு இறுகிப்போச்சு. அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பாரீசிலேயே நம்ம தமிழ்க் கடையில் கேட்டிருக்காங்க, 'எந்தத் தெரு' என்று. கிழவி கேட்டது வேற.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"மல்லாந்து படு. நான் பிடிச்சுக்கிறேன்" என்று என் முதுகுக்குக் கீழே ரெண்டு கையையும் வச்சாள். இருபத்தாறு வருசமா நான் மத்தவங்க முதுகைத் தாங்கியிருக்கேன். என் முதுகை ஒருத்தர் தாங்கினது அன்னிக்குத்தான். காதுக்குள் தண்ணி போய், சத்தம் எல்லாம் நின்னுபோச்சு.

ரெண்டு வாரம் அங்கயே கிடந்தேன். ஒரு நாள் மட்டும் கபெஸ்த்தேர் போய் மாரியம்மன் கோயிலைப் பார்த்தோம். மால்தெவிலின் என்று அவங்க சொல்ற சாமி நம்ம மதுரைவீரன். ஆடும் கோழியும் அறுக்கிற சாமி. நம்ம சாமியும் கப்பலேறித்தான் போயிருக்குது. மீதி நாள் எல்லாம் கடல், சோறு, தூக்கம்.

திரும்பி வந்து தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். அந்த மோட்டார் தொட்டி இன்னும் இருக்குதாம், தண்ணிதான் இல்லையாம். காலனியில் ஒரு பிள்ளைக்கும் நீச்சல் தெரியாது என்றாள். அடுத்த முறை போகும்போது அதுக்கு ஒரு வழி பண்ணணும்.

அப்பா செத்துப் பன்னிரண்டு வருசமாச்சு. இருந்திருந்தா கேட்டிருப்பார்.

நல்லா இருந்துச்சுப்பா.