லாஜிக் இருக்கற மொழி எதுங்க?

"உலகத்துலயே லாஜிக்கான மொழி சமஸ்கிருதம், நாசாவே சொல்லிருச்சு"ன்னு ஒரு சேதி ரொம்ப வருசமா சுத்திக்கிட்டு இருக்கு. முன்ன மின்னஞ்சல்ல வந்துச்சு, இப்ப வாட்ஸப்ல வருது. உடனே நம்மாளு ஒருத்தர் "அதெல்லாம் இல்லை, தமிழ்தான்"னு கிளம்பிடுவார் :-)

நாசா அப்படி எதையும் அறிவிக்கலைங்க. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ரிக் பிரிக்ஸ், 1985ல 'ஏஐ மேகசின்' இதழில் எழுதின ஒரு கட்டுரைதான் இத்தனைக்கும் மூலம். அவர் பேசினது, ஒரு வாக்கியத்தோட பொருளைப் பிரிச்சு விளக்க இலக்கணக்காரர்கள் கையாண்ட சாஸ்திர நடையைப் பத்தி. சந்தையில கத்திரிக்கா வாங்கற பேச்சைப் பத்தி இல்லை.

சரி, தமிழ்? எழுபது, எண்பது வரைக்கும் ஒழுங்கா வருது. அடுத்து தொண்ணூறு! பத்து இருக்க வேண்டிய எடத்துல நூறு வந்து உக்காந்துக்குது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம். பிரெஞ்சுக்காரங்க தொண்ணூறை "நாலு இருபது பத்து"ன்னு சொல்றாங்க. அதனால பாஸ்கலுக்கும் ஃபெர்மாவுக்கும் கணக்கு வராமப் போயிடலையே.

இதை நான் யோசிக்க ஆரம்பிச்சது என் மகளால. இங்கிலீஷ் மீடியம், ரெண்டாங் கிளாஸ். ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து எங்கம்மா போன் பண்ணுவாங்க. கொஞ்ச நாளா இவ எஸ், நோவோட நிறுத்திக்கறா. ஏன் சாமின்னு கேட்டா, "ஆத்தா தப்புத் தப்பா பேசுதுப்பா. அக்கா வந்துச்சுன்னு சொல்லுது. வந்தாள்னுதான் மிஸ் சொன்னாங்க."

"பேசுது"ன்னு இவளே சொன்னதை இவ கவனிக்கலை!

மிஸ் சொன்னது புத்தகத்துக்குச் சரி. மக்கள் உயர்திணை, மத்ததெல்லாம் அஃறிணைன்னு தொல்காப்பியமே பிரிச்சு வெச்சிருக்கு. ஆனா நம்ம பக்கம் அக்கா, ஆத்தான்னா "வந்துச்சு"தான். அதுல மரியாதைக் கொறைச்சல் ஏதுமில்லை. அப்புறம் புத்தகத்துலயே "குழந்தை அழுதது"ன்னு இருக்கே? ஒத்தை அப்பாவுக்கு "வந்தாங்க"ன்னு பன்மை போடறோமே, எத்தனை அப்பா? நம்ம "ங்க" இன்னும் வேடிக்கை. "நாய் கடிச்சுப்போடுச்சுங்க"ன்னா மரியாதை நாய்க்கில்லை, கேக்கறவருக்கு.

லாஜிக்குக்குன்னே லாக்லான்னு ஒரு மொழியை 1955ல உருவாக்க ஆரம்பிச்சாங்க. அதுல எந்தப் பாட்டியும் பேத்தியைக் கொஞ்சினதா தகவல் இல்லை.

ஒவ்வொரு மொழியும் ஒரு எடத்துல கறாரா இருக்கும், இன்னொரு எடத்துல ஏனோதானோன்னு விட்டுரும். எல்லாத்தையும் கூட்டி மார்க் போடறது வெட்டி வேலைன்னு எனக்குத் தோணுது. இங்கிலீஷ்ல "வீ"ன்னு சொன்னா, கேக்கறவங்களையும் சேத்தியா இல்லையான்னு அந்த வார்த்தையை வெச்சுத் தெரியாது. தமிழ்ல நாம வேற, நாங்க வேற.

போன வாரம் அம்மா போன்ல மருதமலை போற பேச்சை எடுத்தாங்க. பக்கத்துல இருந்தவ காதைத் தீட்டிக்கிட்டா. "ஆத்தா, நாங்களா, நாமளா?"

"நாமதான் கண்ணு."

அப்புறம் போனை அவ எங்கிட்டத் தரவே இல்லை.