கிணற்றுக் கொப்பி

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்த அன்று பின்னேரம், என்னுடைய கிணற்றுக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாவிக்கரையில் போய் இருந்தேன். கந்தோரில் ஒப்படைக்க வேண்டிய பொருட்களுக்குப் பட்டியல் இருந்தது: குளோரின் தூள் வாளி, மாதிரிப் போத்தல்கள், பதிவேடுகள், மோட்டார் சைக்கிள். எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலத்தில் எண்ணிக் கையொப்பம் வைத்துவிடலாம். கொப்பி அந்தப் பட்டியலில் இல்லை. மழை பட்டு விளிம்பு ஊதிப்போன 160 பக்கக் கொப்பி. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் கற்றதில் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைக்கும் எங்களவர் வைத்த பெயர்களே ஒரு நீரியல் பாடம். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் மேடாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. எழுவான்கரையில் இரண்டு பக்கமும் உப்பு. ஆனாலும் எட்டடி, பத்தடி தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் பூவல் தோண்டிக் குடித்தார்கள்; பிறகு கொங்கிறீற் வளையம் இறக்கிக் கிணறு கட்டினார்கள். மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசு, அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உப்பை அமத்திக்கொண்டு நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் பயம் வரும். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலெழப் பார்க்கும்.

இந்தக் கணக்கைப் படிப்பில் எழுதிச் சித்தியடைந்தவன் நான். 2005 தை மாதம் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சுனாமி வந்து மூன்று கிழமை இருக்கும். கிணறெல்லாம் கடல்நீரும் சேறும். உதவிக்கு வந்தவர்கள் நீர்ப்பம்பிகளோடு வந்தார்கள். யார் என்று பெயர் சொல்லத் தேவையில்லை, அவர்களும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிணறு இறைத்துச் சுத்தம் செய்தோம் என்று அறிக்கை போக வேண்டும். நானும் கூடவே நின்றேன். ஒரு வளவில் மூன்றாவது முறையாக இறைத்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு ஆச்சி வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னா: "மனே, அடியில கிடக்கிற நல்ல தண்ணியயும் எறைச்சுப்போட்டா மறுகா என்னத்தக் குடிக்கிற?" நான் பதில் சொல்லவில்லை. அடி மணல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்க மணல் சரிந்து உள்ளே வர, கீழ் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்தேன். முந்தின நாளைவிடச் சவர்.

அந்த வருடம் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவன ஆய்வாளர்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கல்லடி, களுதாவளை, ஓட்டமாவடிப் பகுதிகளில் ஏறத்தாழ 150 கிணறுகளை மாதக்கணக்கில் அளந்தார்கள். திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்புக் குறைந்துவிடவில்லை, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரவும் கூடும், கழுவித் தருவது மழைதான் என்று அந்த வேலை காட்டியது. ஒருமுறை சேறு எடுத்து, அளவாக இறைத்து, மாரி வரும்வரை பவுசர் தண்ணீரில் சமாளித்திருக்க வேண்டும். ஆச்சி ஒரு கேள்வியில் கேட்டது இதைத்தான். எனக்கு அன்றைக்கு ஆச்சியும் ஆய்வும் தனித்தனி ஆட்களாகத் தெரிந்தார்கள். இன்று அப்படித் தெரியவில்லை.

கிணற்றுக் கொப்பி அதற்குப் பிறகு தொடங்கியது. கந்தோர்ப் படிவத்தில் இலக்கங்களுக்குக் கட்டம் இருக்கும்: எத்தனை கிணறு பார்த்தது, எத்தனைக்குக் குளோரின் போட்டது, எத்தனை மாதிரி அனுப்பியது. என் கொப்பியில் கடைசி நிரலுக்கு நான் வைத்த பெயர் "ஏன்". இந்தக் கிணற்றை ஏன் இறைக்கக் கூடாது? இந்த வீட்டில் ஏன் இரண்டு கிணறு? பக்கத்து வளவில் நல்ல தண்ணீராக இருக்க, இங்கே ஏன் கலங்கல்? மழைக்காலத்தில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டினால் சில கிணறுகளில் தண்ணீர் ஒரே கிழமையில் இறங்கும். எவை என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், கயிறு எத்தனை முழம் விடுகிறோம் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். நான் கேட்டு எழுதினேன். மணல் மேட்டின் முதுகிலிருந்து நிலத்தடி நீர் ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்குமாக நகர்கிறது. ஆகவே வாவிப்பக்கத்து வளவில் கிணற்றுக்குக் கிழக்கே மலசலகூடக் குழி இருந்தால் 50 அடி தூரம் என்ற விதி மட்டும் காப்பாற்றாது. மணலில் நீர் நடக்கும் வேகம் வேறு. சிறிய வளவுகளில் தூரத்தை நாங்கள் கூட்ட முடியாது, திசையைப் பார்க்கலாம். திசை எந்தப் படிவத்திலும் இல்லை.

அதேபோல்தான் கொதித்தாறிய நீர். நாங்கள் வாய் ஓயாமல் சொல்லும் அறிவுரை அது. கிருமிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் களுதாவளைப் பக்கத்தில் வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் செழிக்கும் மணலில், உரமும் எருவும் மழையோடு இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேருகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தார் இதைச் சுனாமிக்கு முன்பே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று கொதியில் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளை உள்ள வீட்டில், தோட்டத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு வேறு தண்ணீர் தேடிக் கொடுக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரும் நானும் இதை ஒரு வேப்பமர நிழலில் நின்று பேசித் தீர்த்தோம். எந்த வீட்டில் கைப்பிள்ளை என்பது அவர் கொப்பியில், எந்தக் கிணறு தோட்டத்துக்கு நடுவில் என்பது என் கொப்பியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகே யாரிடம் முதலில் போக வேண்டும் என்று தெரிந்தது.

குளோரின் போடுவதும் பார்ப்பதற்கு எளிய வேலை. நாலடி விட்டமுள்ள கிணற்றில் ஐந்தடித் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 1,800 லீற்றர். வழக்கமான அளவுக்கு 4 கிராம் சொச்சம் தூள், ஒரு தேக்கரண்டி மட்டம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் வார்த்து, அதைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அலசி எடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்துச் சோதனைக் குழாயில் மாதிரி எடுத்து மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வர வேண்டும். லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் போதும். 2011 தை மாத வெள்ளத்துக்குப் பிறகு இந்த நிறம் வராத கிணறுகளே அதிகம். அழுக்கு எல்லாக் குளோரினையும் தின்றுவிடும். நிறம் வரும்வரை திரும்பப் போடப் பொறுமை வேண்டும். கூடப் போட்டால் மணம் பிடிக்காமல் சனம் அந்தக் கிணற்றை விட்டுவிட்டுக் கலங்கல் கிணற்றுக்குப் போகும்.

ஒருமுறை நான் அலசி முடித்த கிணற்றில் மறுநாள் குட்டி மீன்கள் வெள்ளையாய் மிதந்தன. நுளம்புக் குடம்பியைத் தின்பதற்காகச் சில மாதம் முன்பு வேறொரு குழு விட்ட மீன்கள். இரண்டு குழுவும் சுகாதாரத்துக்காகவே வந்தவை, ஒன்றுக்கு மற்றது வந்துபோனது தெரியாது. அந்த வீட்டுப் பிள்ளை மீன்களுக்குப் பெயர் வைத்திருந்தான். அவனுக்கு முன்னால் நின்ற நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. அன்றிலிருந்து கொப்பியில் மீன் உள்ள கிணறுகளுக்கு நட்சத்திரக் குறி.

எங்கள் சுகாதாரப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆசியாவின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. வீடு வீடாகப் போகும் பழக்கம் அன்றிலிருந்து வருகிறது. ஆனால் நாங்கள் போகும் வீடுகளின் தண்ணீர் மாறிவிட்டது. இப்போது உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி எழுவான்கரைக்குக் குழாயில் வருகிறது. மண்முனையில் பாதை எனும் மிதவையில் ஏறி மாதிரிப் போத்தலோடு வாவி கடந்த காலமும் 2014இல் பாலம் திறந்ததோடு போயிற்று. ஐஸ் கரையுமுன் கரை சேர வேண்டுமே என்ற பதைப்பு இனி யாருக்கும் இல்லை. எனக்கு அதில் மெய்யான சந்தோஷம். ஆனாலும் குழாய் வந்த வீட்டில் கிணற்றை மூடி விடுவதைக் காணும்போது மனம் கேட்பதில்லை. வெள்ளத்தில் குழாய் உடைந்தால் அடுத்த நாளே அந்தக் கிணறு வேண்டும்.

சொல்லில் அடங்காத தொழிலறிவு பற்றி ஜப்பானியர் நொனாக்காவும் தக்கேயுச்சியும் 1995இல் எழுதிய நூலில் ஒரு பாண் இயந்திரத்தின் கதை வருகிறது. பொறியியலாளர்கள் எவ்வளவு அளந்தும் மா சரியாகப் பிசைபடவில்லை. கடைசியில் ஒரு பெண் ஒசாக்கா ஹோட்டல் ஒன்றின் பாண் சுடுபவரிடம் தொழில் பழகப் போனார். அவர் மாவை இழுக்கும்போது கூடவே முறுக்குகிறார் என்பதை அருகில் நின்று பார்த்த பிறகே இயந்திரம் அமைந்தது. அதை வாசித்த அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குப் பின் வருபவரிடம் கொப்பியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

புதிதாக வந்த தம்பியோடு மூன்று நாள் நடந்தேன். கயிற்றை நனைத்து ஈரம் பார்த்து ஆழம் அளப்பதை, வாளி விழும் சத்தத்தில் சேற்றின் அளவை உணர்வதை, ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்புவதை, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை படியில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினேன். மூன்றாம் நாள் அவர் ஒரு வளவுக்குள் என்னை விட்டு முன்னால் போனார். நான் கடப்படியில் அந்த வீட்டாரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவர் கொப்பியைக் கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்து எழுதினார். அந்தக் கிணற்றுக்கு நேரே "மாட்டுக்கொட்டில் மேற்கே, பயமில்லை" என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய எழுத்து: "கொட்டில் இப்போது கிழக்கே மாறியிருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் திரும்ப வர வேண்டும்."