லண்டனுக்குப் புறப்படும் மதினிக்கு

எங்கள் பசுவந்தனையில் இப்போது லண்டன் பிரயாணம் ஓர் அதிசயமில்லை. பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். பேரனைப் பார்த்துக்கொள்ளத் தாயார் போக வேண்டியதுதான். அடுத்த மாதம் என் மதினி போகிறார். ஐந்து நாள் லீவு போட்டு இருபத்திரண்டு இடங்களைக் காட்டுவதாக மகன் பட்டியல் அனுப்பியிருக்கிறானாம். முழங்கால் வலிக்காரி, பாவம்!

"மதினி, அந்தப் பட்டியலில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். மகள் வீட்டில் இரண்டு தடவை இருந்துவிட்டு வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் வெயில் கணக்கு. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ நான்கு மணிக்கு முன்பே விளக்கு ஏற்றிவிடுவார்கள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்குப் பாதிப் பகல்தான் மிச்சம்.

அடுத்தது கால். பாதாள ரயில் 1863-ல் தொடங்கியது, உலகத்திலேயே முதலாவது. ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பல ஸ்டேஷன்களில் லிப்ட் கிடையாது. நகரும் படிக்கட்டில் வலது பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். இடது பக்கம் ஓடுகிறவர்களுக்கு. நம் மாதிரிப் பெண்களுக்குச் சௌகரியம் மாடி பஸ்தான். மேல்தட்டில் முன் ஆசனம் கிடைத்துவிட்டால் ஊரையே பார்த்துவிடலாம். 2014 முதல் பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. அட்டையை ஏறும்போது ஒரு தடவை காட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் மறுபடியும் கட்டணம் இல்லை. அடுத்த நிறுத்தம் எதுவென்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும்.

பவுனை ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாய் காப்பி தொண்டையில் இறங்காது! கோஹினூர் வைரம் இருக்கும் கோட்டைக்கு டிக்கெட் விலை அதிகம். பெரிய பொருட்காட்சிசாலைகளுக்கோ நுழைவுக் கட்டணமே இல்லை. சுத்தமான கழிப்பறையும் உட்காரப் பெஞ்சும் அங்கே உண்டு. வெளியூரில் பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்தது விக்டோரியா - ஆல்பர்ட் பொருட்காட்சிசாலை. அங்கே டேவிட் காரிக் என்ற பெயர்பெற்ற நாடக நடிகரின் கட்டில் இருக்கிறது. அதன் திரைச்சீலை நம் சோழமண்டலக் கரையில் சாயம் எழுதிய பருத்தித் துணி! அதைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட, திருப்பித் தரும்படி அந்தப் பெரிய மனிதர் கெஞ்சிக் கடிதம் எழுதினாராம். நம் துணி அவ்வளவு அழகாயிருந்ததுதான் குற்றம். அந்த ஊர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்புக் கெடுகிறதென்று கூச்சல். 1719-ல் தெருவில் போன பெண்களின் பருத்தி உடையைக் கிழித்தே விட்டார்கள். 1721-ல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாதென்று பார்லிமெண்டு சட்டம் போட்டது. நெசவாளர்களுக்கு வயிறு உண்டுதான். அதற்காகப் பெண்பிள்ளைகளின் சேலையிலா கை வைப்பது?

கரிசல் காட்டில் மடி நிறையப் பருத்தி எடுத்த ஆச்சியின் பேத்தி நான். அந்தக் கட்டில் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முதல் தடவை மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கும் போனேன். கோவில்பட்டிக்குக்கூடத் துணையில்லாமல் போகாதவள்தானே! இரண்டாம் தடவை அவர்கள் இருவருக்கும் வேலை; வீட்டில் நான்கு சுவர். ஒரு நாள் பஸ் நம்பரையும் இறங்குமிடத்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு தனியே கிளம்பிவிட்டேன். "அம்மா, போன் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மகள் மூன்று தரம் கேட்டாள். அந்தக் கட்டிலைப் பார்த்தது அன்றைக்குத்தான். மாலையில் நானே கதவைத் திறந்து வீட்டுக்குள் வந்து, காப்பி போட்டுக் குடித்தேன். அதனால்தான் மதினியிடமும், "ஒரு நாளாவது தனியாப் போயிட்டு வாங்க" என்று அழுத்திச் சொன்னேன்.

கோயில் இல்லாத ஊரில் எப்படி இருப்பதென்று மதினி கவலைப்பட்டார். ஹைகேட்டில் முருகன் கோயில் 1986 முதல் இருக்கிறது. விம்பிள்டனில் பிள்ளையார் அதற்கும் முந்தியவர். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கு ஈஸ்ட்ஹாம்.

கடைசியில், பேரனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டு போகலாமா என்று கேட்டார். கூடாது, பாலில் செய்த எதையும் அங்கே உள்ளே விடமாட்டார்கள், நெய்யும் சேர்த்துத்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குத் தடையில்லை. இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறார்.