தூரதேசத்தில் தெரிந்த முகம்

கடல் கடந்து போன இடத்தில் எதிர்பாராமல் ஊர்க்காரரைக் கண்ட கதை ஒன்றேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ஹரம் ஷரீஃபில் தவாஃபின்போது தோளோடு தோள் உரசி நடந்தவர் பள்ளித் தோழராக இருந்தார் என்பார் ஒருவர். ஹாங்காங்கில் நாதன் சாலையிலுள்ள கௌலூன் பள்ளிவாசலில் ஜும்ஆ முடித்துப் படியிறங்கும் முன்பே காயல்பட்டினத்தார் இருவரைப் பார்த்துவிடலாம் என்பார் மற்றொருவர். இத்தகைய கதைகளுக்கெல்லாம் மூத்த கதை ஒன்று ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் சீன தேசத்தில் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-ல் பிறந்த இப்னு பதூதா, ஹிஜ்ரி 725-ல், அதாவது 1325-ல், ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. ஹஜ் முடிந்தது, பயணம் முடியவில்லை. டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் அரசில் காழியாகப் பணியாற்றி, பின்னர் அவருடைய தூதராகச் சீனத்திற்குப் புறப்பட்டு, இடையில் பல துன்பங்களுக்கு ஆளாகி, ஒருவழியாகச் சீனக் கரையில் இறங்கினார். அந்நாட்டின் செல்வமும் ஒழுங்கும் அவரை வியக்க வைத்தன. ஆயினும் அங்கே அவருக்கு மனம் ஒட்டவில்லை. வெளியே சென்றால் காணும் காட்சிகள் வருத்தமூட்டியதால் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிட்டதாக அவரே கூறுகிறார். முஸ்லிம் ஒருவரைக் கண்டால் சொந்தபந்தத்தைக் கண்டதுபோல் இருந்ததாம்.

அந்த நிலையில், கன்ஜன்ஃபூ என்று அவர் குறிப்பிடும் நகரில், பெருமதிப்புக்குரிய மார்க்க அறிஞர் ஒருவர் படகில் வந்திருப்பதாகச் செய்தி வருகிறது. பெயர் கிவாமுத்தீன் அஸ்ஸப்தீ. ஸப்தா என்பது தாஞ்சியருக்கு அண்டை ஊர். இன்று சியூட்டா என வழங்குவது. பெயரைக் கேட்டதுமே இவருக்கு வியப்பு. வந்தவரின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். என்னைத் தெரிந்தவர்போல் பார்க்கிறீரே என்று அவர் கேட்க, எந்த ஊர் என்று இவர் கேட்கிறார். ஸப்தா என்கிறார் அவர். நான் தாஞ்சியர் என்கிறார் இவர். மீண்டும் ஒருமுறை ஸலாம். இருவரும் அழுகிறார்கள். இந்தியாவுக்குப் போனதுண்டா என்று விசாரித்தபோதுதான் முழுச் செய்தியும் விளங்குகிறது. மீசை அரும்பாத வயதில், இமாம் மாலிக்கின் முவத்தா நூலை மனனம் செய்தவராக, தாய்மாமனோடு டில்லிக்கு வந்திருந்த அல்புஷ்ரீ என்ற இளைஞர்தாம் அவர். இப்னு பதூதா அவரைப் பற்றிச் சுல்தானிடம் எடுத்துரைத்து, 3,000 தீனார் அன்பளிப்பும் கிடைக்கச் செய்திருந்தார். டில்லியிலேயே தங்கும்படி சுல்தான் கேட்டும் இளைஞர் இசையவில்லை, சீனத்திற்கே போனார். இப்போது பெருஞ்செல்வராக நிற்கிறார்.

இப்னு பதூதா சீனம்வரை சென்றாரா என்றே ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. அவர் குறிப்பிட்ட நகரம் ஃபூசோ என்று பலர் கருதுகின்றனர்; அதிலும் விவாதம் இருக்கிறது. ஆனால் முகத்தை உற்றுப் பார்ப்பது, ஊரைக் கேட்பது, பக்கத்து ஊர் என்று அறிந்ததும் இரண்டாம் முறை ஸலாம் சொல்வது ஆகிய இவற்றைக் கற்பனையாக எழுதியிருப்பார் என்று என் மனம் ஏற்கவில்லை. வெளியூரில் நின்ற எவரும் இதைப் படித்தவுடன் தலையசைப்பர்.

கதை அத்துடன் நிற்கவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் தாயகம் மீண்ட இப்னு பதூதா, 1352-ல் சஹாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டார். பாலையின் விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸா நகரில் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து விருந்தோம்பியவர் யார் தெரியுமா? சீனத்தில் கண்ட அந்த அல்புஷ்ரீயின் உடன்பிறந்தார்! ஒரு தாய் மக்கள் இருவர். ஒருவர் சீனத்தில், மற்றவர் பாலைவனத்தின் வாசலில். இருவரையும் கண்ணால் கண்டவர் இவர். இருவருக்கும் இடையேயுள்ள தொலைவை நினைத்து அவரே மலைத்துப் போகிறார்.

நம் தமிழ்க் கரையிலும் அவருக்கு இப்படி ஒன்று நேர்ந்தது. இலங்கையிலிருந்து வந்த கப்பல் கரையை நெருங்கும்போது உடைபடும் நிலைக்கு வந்து, உயிர் பிழைத்துக் கரையேறியபோது, அந்நாட்டை ஆண்ட மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு அந்நியர் அல்லர். டில்லியில் இப்னு பதூதா மணந்திருந்த பெண்ணும் கியாஸுத்தீனின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ்வின் புதல்வியர். நம் வழக்கில் சொன்னால், இருவரும் சகலைகள். கப்பல் போனாலும் சகலை வீடு கிடைத்தது.

இவையெல்லாம் மகிழ்ச்சியான சந்திப்புகள். மகிழ்ச்சி தராத ஒன்றும் உண்டு. 1348-ல் திமிஷ்க் நகருக்குத் திரும்பி வந்தவர், அங்கிருந்த தாஞ்சியர் அறிஞர் ஒருவரைக் கண்டு தம் வீட்டாரை விசாரித்தார். தகப்பனார் இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன, தாயார் மட்டும் இருக்கிறார் என்று பதில் வந்தது. பதினைந்து ஆண்டுகள்! அவ்வளவு காலமும் இந்த மகன், இருக்கும் தகப்பனாருக்காகவே துஆ கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அடுத்த ஆண்டு ஊரை நெருங்கும் வழியில், தாஸா என்னுமிடத்தில், தாயாரையும் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்ட செய்தி அவரை எட்டியது. ஊர்க்காரர் ஒருவரைக் காண்பது என்றால் செய்தியைக் காண்பது என்பதே அக்காலத்துப் பொருள். அது எந்தச் செய்தியாக இருக்கும் என்பது கையில் இல்லை.

இத்தனை சந்திப்புகளும் ஒருவருக்கே எப்படி வாய்த்தன? உலகம் பெரிது, ஆனால் மனிதர் நடக்கும் பாதைகள் சில. அன்று கப்பல்கள் பருவக்காற்றுக்குக் காத்திருந்து ஒரே துறைமுகங்களில் கூடின. அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் உடையவர்க்கு எந்நகரிலும் காழியின் வீடும் பள்ளிவாசலும் திறந்திருந்தன. வணிகரும் ஆலிம்களும் அந்த வீடுகளின் வழியாகவே சென்றார்கள். ஆகவே பத்து ஆண்டுகள் கழித்தும் அதே முகத்தைக் காண்பது, நாம் எண்ணுமளவு அதிசயமன்று.

நம் பாதைகளும் அப்படித்தான் போடப்பட்டிருக்கின்றன. கீழக்கரையாருக்குக் கொழும்பு, கூத்தாநல்லூராருக்கு மலாயாவும் சைகோனும், கடையநல்லூர், தென்காசி மக்களுக்குப் பினாங்கும் சிங்கப்பூரும் என்று பாட்டனார் காலத்திலேயே கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கிக்கொண்டே 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. அதன்பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீ விபத்துக்குள்ளாயிற்று. கடல்வழிப் போக்குவரத்தும் அதனுடன் ஓய்ந்தது. இன்று திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூர் விமானத்திற்கு வரிசையில் நிற்போரைப் பாருங்கள். ஒருவரையொருவர் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் மைத்துனரின் மகள் நிக்காஹுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த வரிசையில் நின்றேன். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துவரை இரயில், அங்கிருந்து படகு. படகின் முன்பக்கம் நின்றால் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்லப் பெரிதாகி வரும். 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நகரம் அது. பழைய கடைவீடுகளின் முகப்புகளுக்கு வண்ணம் பூசி, சுவர்களில் சித்திரம் வரைந்து, சுற்றுலாப் பயணிகளுக்காக அழகுபடுத்தியிருக்கிறார்கள். அந்த அழகு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சூலியா தெருவில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய நாணயமாற்றுக் கடைகளும், மசாலா வாசனையும், தமிழில் கேட்கும் பேரமும் பிடித்தன.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-ல் உருவானது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முஹைதீன் அங்கிருந்த தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக, அதாவது கப்பித்தானாக, நியமிக்கப்பட்டார். அவர் பதவியின் பெயரே பள்ளிக்கும் நின்றுவிட்டது. அது நிற்கும் தெருவிலேயே சீனர்களின் கோயிலும் பழைய கிறிஸ்தவ ஆலயமும் இருக்கின்றன. மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெருவில். மாலையில் பள்ளியின் வெளி முற்றத்தில் உட்கார்ந்தால் நம் மாவட்டங்கள் எல்லாம் நடந்துபோகும்.

முதல் நாளே ஒரு வேடிக்கை. எங்கள் ஊரில் ஒரு மதிற்சுவர்த் தகராறில் ஒன்பது ஆண்டுகள் முகம் பாராமல் இருந்த இருவர், அந்த முற்றத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நின்றார்கள். ஒருவர் வியாபாரமாக வந்தவர். மற்றவர் மகனைப் பார்க்க வந்தவர். ஊரில் நாலடி அகலச் சந்தில் எதிரெதிரே வந்தாலும் திரும்பி நடப்பவர்கள்! அன்றிரவு இருவரும் ஒரே சஹனில் சாப்பிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு சுவர் வழக்கு என்னவோ நடக்கத்தான் செய்கிறது. ஸலாம் சொல்லிக்கொண்டு நடக்கிறது.

மூன்றாம் நாள் அஸருக்கு நேரமாகிவிட்டதென்று பெரிய தெருவை விட்டு ஒரு பின்சந்து வழியாக நடந்தேன். நாசி கந்தார் கடைகளின் பின்புறம் அது. முற்காலத்தில் சோற்றையும் கறியையும் காவடிபோல் தோள்கம்பில் தூக்கி விற்றதால் ஏற்பட்ட பெயர் என்பார்கள். முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் கூட்டமும். பின்பக்கம் சாக்கடையும் பாத்திரமும். குழாயடியில் ஓர் இளைஞன் குத்துக்காலிட்டு, தன் உடம்பளவு தேக்சா ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்தபடியே மெல்லிய குரலில் யாஸீன் ஓதினான். நான் கடந்திருப்பேன். ஆனால் அந்த ஓதல், நான் மக்தபில் நிறுத்தச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் நின்று, மூச்செடுக்கச் சொல்லும் இடங்களில் மூச்செடுத்தது.

என்னிடம் ஏழு வருடம் ஓதிய பிள்ளை. ஸலாம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். குழாயை மூடினான். கைகளை உதறிக்கொண்டு எழுந்து வந்து, “வஅலைக்கும் ஸலாம், ஹஜ்ரத்” என்றான்.

ஊரில் அவனைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தது வேறு. பெரிய கடையில் கணக்குப் பார்க்கிறான், குளிர்சாதன அறை, தனி மேசை என்பதுதான் பேச்சு. வாரந்தோறும் கைப்பேசியில் முகம் காட்டி உம்மாவோடு பேசுவான். பின்னால் தெரிவது கடையின் முன்பக்கம், கண்ணாடி, விளக்கு. பயணத்தரகர் ஒருவர் சொன்ன வேலை ஒன்று, வந்து சேர்ந்த வேலை ஒன்று. வாங்கிய கடன் முடியும்வரை வேறு போக்கில்லை. “இன்னும் பதினாலு மாசம்தான் ஹஜ்ரத். உம்மாவுக்குத் தெரிய வேணாம்” என்றான். அவன் விரல்கள் வெளுத்து, நுனிகள் வெடித்திருந்தன.

கடிதக் காலத்தில் ஆறு மாதச் செய்தி ஒன்றாக வந்தது. இப்போது ஆறு நிமிடத்தில் வருகிறது. ஆனால் கைப்பேசி அவன் காட்டுவதைத்தான் காட்டுகிறது. பின்சந்து வழியாக யாராவது நடந்து வந்தால்தான் மற்றது தெரியும். தெரிந்தபின் அது என்னிடம் இருக்கும் அமானிதம். அவன் குறையாக நினைப்பதை ஊரில் பரப்ப எனக்கு உரிமை இல்லை. பெற்றவளிடம் பொய் சொல்லவும் அனுமதி இல்லை. ஹலாலான உழைப்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். “தெரியும் ஹஜ்ரத். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்க” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஜமாஅத்திடம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. பெண் கேட்டு வருபவர்கள் அண்ணனின் சம்பளத்தைக் கேட்கும் ஊர் நம்முடையது.

அவன் இப்போது கடனை அடைத்து ஊரோடு வந்துவிட்டான். தங்கையின் நிக்காஹும் முடிந்தது. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே அவனுடைய உம்மா வந்தார். பினாங்கு போனவரைப் பார்க்க வருவது வழக்கம்தானே. திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“புள்ளையப் பாத்தீங்களா ஹஜ்ரத்?”

“பார்த்தேன் ராத்தா. தொழுகையை விடவில்லை. நான் போனபோது யாஸீன் ஓதிக்கொண்டிருந்தான்.”

“சாப்பிடுறானா?”

“சாப்பிடுகிறான். சோற்றுக்குக் குறைவில்லை.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேநீரைப் பார்த்தபடியே கேட்டார்: “போன்ல மொகத்த மட்டும்தான் காட்டுறான். கை எப்படி இருக்கு?”

“சுத்தமாக இருக்கிறது ராத்தா” என்றேன்.

மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை; தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அஸருக்குப் பின் மக்தப் வாசலில் நின்றார். தேங்காய் எண்ணெயில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சி, ஒரு சிறு குப்பியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தார். அந்தப் பக்கம் யாராவது போனால் கொடுத்தனுப்பும்படி சொன்னார். மூன்று வாரம் கழித்துப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் பெட்டியில், துணிகளுக்கு நடுவே, அது பினாங்குக்குப் போயிற்று.