பட்டினி போடாமல் இளைக்க வைப்பவர்

மழைக்குப் பிறகு காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப்புல் தளதளவென்று நிற்கும். கிளுவை வேலிக்குள் மாடும் ஆடும் நாளெல்லாம் மேயும். அப்படி ஒரு காட்டின் ஓரத்து லாயத்தில், அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே கட்டுத்தறியில் நிற்கிறது ஒரு மார்வாரிப் பெண்குதிரை. அதற்குக் குளம்பு அழற்சி வந்து தணிந்திருக்கிறது. குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பவை 550 முதல் 600 மெல்லிய தகடுகள். அவை அழன்று பிடி தளர்ந்தால், குதிரையின் பாரம் அழுத்த அழுத்த எலும்பே இடம் மாறி இறங்கிவிடும். ஒருமுறை வந்த குதிரைக்கு மறுபடி வருவது சுலபம்.

அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சிறு வயதிலிருந்தே லாயத்தில் வளர்ந்தவர். "தீனி போட்டுத்தானுங்க இப்படி ஆச்சு" என்றார். இருவேளையும் வேகவைத்த கொள்ளு, மேலுக்குக் கோதுமைத் தவிடு. போதாததற்கு, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பிரியமாக ஊட்டிய நாட்டுச்சர்க்கரையும் வாழைப்பழமும். மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏற ஏற ரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது. குளம்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் நல்ல உடல்நிலையில் இருந்த மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றிப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் குளம்பு அழற்சி வந்தது; அந்த ஆய்வு 2007-இல் வெளியானது.

நோய் வந்ததும் ஆளாளுக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான்: தீனியை நிறுத்து. பெரியவர் கேட்கவில்லை. "வவுறு காஞ்சா இன்னொரு சீக்கு வருமுங்க அம்மிணி" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவு பகலாகச் சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். நெடுநேரம் வாய்க்கு வேலை இல்லையென்றால் இரைப்பை புண்ணாகும். அதைவிட மோசமானது, கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போடுவது. உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலை முடக்கும். மட்டக்குதிரையும் கழுதையும் அதில் செத்தே போவதுண்டு.

அவர் செய்வது அளந்து போடுவது. முதலில் நாடாவை எடுத்தார். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி 174 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை 157. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் 400 கிலோ. எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்தீவனம், அதாவது 6 கிலோ. காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் உண்டு என்பதால் தராசில் 7 கிலோ நிறுத்தார். ஊறும்போது கரைவதற்கு ஈடாக இன்னும் ஒரு பிடி.

பிறகு புல்லைச் சிமென்ட் தொட்டியில் அமுக்கினார். சிறிது நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. புல்லில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி அதில் இறங்கிவிடுகிறது. நம்மூர் வெக்கைக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் விட்டால் புளித்துவிடும். வடித்த தண்ணீரை எந்த உயிரும் குடிக்காதபடி தென்னை மூட்டில் ஊற்றினார். ஈரப்புல்லைச் சின்னக் கண் வலையில் அடைத்து, அதன்மேல் இன்னொரு வலையையும் போர்த்திக் கட்டினார். குதிரை உதட்டால் துழாவி, இரண்டு மூன்று தாளாக உருவி உருவி மென்றது. தொட்டியில் கொட்டினால் சீக்கிரம் தீர்ந்துபோகும் பங்கு, இப்படிக் கட்டினால் பொழுதுக்கும் வருகிறது. என் கண்ணுக்கு அவருடைய கைத்திறன் முழுக்க அந்த வலையில்தான் இருந்தது. நாளைக்கு ஐந்து பங்கு. இருப்பதில் பெரியது ராத்திரிக்கு.

கொழுக்கட்டைப்புல்லில் வேறொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச்சத்தைக் குதிரைக்குச் சேரவிடாது. ஊறவைப்பதால் தாதுக்களும் கரைந்து போகும். அதனால் தாது உப்புக் கலவையோடு, அளவாக உலர்ந்த குதிரைமசாலும் சேர்க்கிறார். புரதமும் சுண்ணாம்பும் அதிலிருந்து கிடைக்கும்.

மேய்ச்சல் விடியற்காலையில் மட்டும். பகல் வெயிலில் புல் சேர்த்துவைக்கும் சர்க்கரை, இரவெல்லாம் செலவாகி விடியும்போது குறைந்திருக்கும். அப்போதும் வாய்க்கூடு போட்டுத்தான் விடுகிறார். போரடிக்கும் மாட்டுக்குப் போடுவதேதான்; அடியில் மட்டும் நுனிப்புல் நுழையும் அளவுக்குப் பின்னலைத் தளர்த்தியிருக்கிறார்.

தினமும் கணுக்காலின் பின்புறம் இரு விரல் வைத்து நாடி பார்க்கிறார். என் விரலையும் பிடித்து வைத்தார். தேடித்தேடித்தான் தட்டுப்பட்டது. துடிப்பு சட்டென்று விரலில் மோதினால் அன்றைக்கு மேய்ச்சல் கிடையாது, மருத்துவருக்குப் போன் போகும். பிடரிக் கொழுப்பை ஆட்டிக் காட்டினார். முன்பு கல்போல இருந்ததாம். இப்போது நெகிழ்ந்து கைக்கு அசைகிறது. விலாவைத் தடவினால் எலும்பும் தட்டுப்படத் தொடங்கியிருக்கிறது.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை வருகிறது. மேனி மினுங்கினால்தான் மதிப்பு, கொள்ளுத் தீனியைத் திரும்ப ஆரம்பிக்கலாமே என்கிறார் உரிமையாளர். "தேச்சுத் தேச்சே மினுங்க வெச்சர்றேன், கொள்ளு வேண்டாமுங்க" என்று பெரியவர் மறுத்துவிட்டார். முடிவாகாத பேச்சு அது. என்னிடமும் கேட்டார்கள், நான் பெரியவர் பக்கம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.